முப்பது கிலோமீட்டர் பழி

ஒக்டோபர் 4, சனி

இதைத் தமிழில் எழுதப்போகிறேன். ஊர்ப் பனிச்சறுக்கு க்ளப்பில் எவருக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாது என்பது ஒரு காரணம். நோர்வேஜிய மொழியில் ஆசை தீரத் திட்ட முடியாது என்பது இன்னொன்று. அந்த மொழியின் கெட்ட வார்த்தைகள் பெரும்பாலும் பிசாசோடும் நரகத்தோடும் நின்றுவிடுகின்றன. ஒருவனுடைய பரம்பரையை இழுக்க வழியில்லை.

பனி விழ இன்னும் நாளிருக்கிறது. பனிச்சறுக்குப் பலகைக்குப் பதில் சக்கர ஸ்கீ பூட்டிக்கொண்டு பாலம் வரை தார் றோட்டில் போய்த் திரும்பினேன். மழை. ஒரு லொறிக்காரன் ஹோர்ன் அடித்துச் சேறு தெளித்துவிட்டுப் போனான்.

வீட்டுக்கு வந்து, குளியலறைக் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் பத்திரிகைத் துண்டை வாசித்தேன். பல் விளக்கும்போதெல்லாம் வாசிப்பது வழக்கம். கடந்த மார்ச் மாதத்துத் துண்டு. தேசியப் போட்டி, பெண்களுக்கான முப்பது கிலோமீட்டர், எங்கள் ஊர் க்ளப்பின் சுன்னிவா முதலிடம். அதே க்ளப்பின் ஆரபி, அதாவது நான், நாற்பத்தொன்றாம் இடம். பயிற்சியாளர் ஸ்டைனார், அதாவது சுன்னிவாவின் தகப்பன், நிருபருக்குச் சொன்னாராம்: “ஆரபி கெட்டிக்காரி. ஆனால் கடைசிப் பத்துக் கிலோமீட்டருக்கு வேறு உடம்பு வேண்டும். அது குளிர் நாட்டு உடம்பு.”

நான் பிறந்தது இந்த ஊர் ஆஸ்பத்திரியில். வட நோர்வேயில் இதைவிடக் குளிரான ஆஸ்பத்திரி வேண்டுமென்றால் துருவக் கரடிக்குத்தான் கட்ட வேண்டும்.

நடந்தது இதுதான். பழைய முறை ஓட்டத்தில் காலுக்கு நேர் கீழே, ஸ்கீயின் அடிப்பாகத்தில் பிடிமெழுகு பூச வேண்டும். மிதித்தால் பனியைப் பிடிக்கும், விட்டால் வழுக்கும். அன்று வெப்பநிலை பூச்சியப் பாகை, ஈரப்பனி கொட்டிக்கொண்டிருந்தது. இருவருடைய ஸ்கீக்கும் ஸ்டைனார்தான் மெழுகிட்டார். சுன்னிவாவின் ஸ்கீ பறந்தது. என்னுடையது முதல் ஏற்றத்திலேயே பனியை அள்ளிக் கட்டிக்கொண்டது. காலுக்குக் கீழே செங்கல் போல் பனிக்கட்டி. ஓரமாக நின்று சுரண்டினேன், ஓடினேன், மறுபடி சுரண்டினேன். சிறுவர் போட்டியில் நான் தோற்கடித்தவளெல்லாம் என்னைத் தாண்டிப் போனாள். அம்மா முதன்முதலாக வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் பார்க்க வந்த போட்டி அது.

காலமெல்லாம் மெழுகிடுகிறவருக்கு மகளின் சோடி சரிவந்து என் சோடி மட்டும் பிழைத்தது தற்செயலாம். பூனை கண்ணை மூடினால் உலகம் இருண்டுவிடுமா? மகள் வெல்ல வேண்டுமென்று என் ஸ்கீயைக் கெடுத்தார். அவ்வளவுதான்.

க்ளப்பை விட்டு விலகிவிட்டேன். வருகிற மார்ச்சில் அதே போட்டி எங்கள் ஊரில் நடக்கிறது. வெல்பவருக்குத் தேசிய அணியில் இடம். எனக்கு அடுத்த வருஷம் முப்பது வயது. அதற்குப் பிறகு புதிதாக எவரையும் எடுப்பதில்லை. அந்த இடம் எனக்கு வேண்டும். அதைவிட, நான் முடிவுக் கோட்டைக் கடக்கும்போது ஸ்டைனாரின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

ஒக்டோபர் 19

அம்மா மீன் ஆலையிலிருந்து வந்ததும் சமைக்க நின்றார். அப்பா இறந்தபின் வீட்டில் நாங்கள் இருவர்தான், ஆனாலும் நான்கு பேருக்குத்தான் அவருக்குச் சமைக்க வரும். நான் ஸ்டைனாரைப் பற்றி ஆரம்பித்தேன்.

“அந்தாளை விட்டிடு பிள்ளை,” என்றார். “கறுவிக்கொண்டு திரிஞ்சால் உன்ர உடம்புக்குத்தான் கூடாது.”

“உடம்பைப் பற்றி அவர்தானே கதைச்சவர்,” என்றேன்.

அம்மா வெங்காயம் அரியத் தொடங்கினார். ஏற்கெனவே அரிந்த வெங்காயம் பக்கத்துத் தட்டில் இருந்தது. வயது போகிறது, பாவம்.

நவம்பர் 6, வியாழன்

நான் பாதி நாள் வேலை செய்யும் மருந்துக் கடைக்கு இன்று ஸ்டைனார் வந்தார். இரத்த அழுத்த மாத்திரை. ஊரில் ஒரே ஒரு மருந்துக் கடை, அவருக்கும் வேறு வழியில்லை.

உள்ளே போய் மாத்திரையை உடனே எடுத்துவிட்டேன். பிறகு அலுமாரிக்குப் பின்னால் நின்று ஒரு வாழைப்பழத்தை ஆறுதலாகச் சாப்பிட்டேன். தோலைக் குப்பையில் போட்டுக் கை கழுவி, துடைத்து, வெளியே வந்து கொடுத்தேன்.

“பயிற்சி எப்படிப் போகிறது?” என்று கேட்டார்.

“சாப்பாட்டுக்குப் பின் ஒன்று,” என்றேன்.

பழிவாங்கல் என்றால் வாளெடுக்க வேண்டுமென்றில்லை. வாழைப்பழமும் உதவும்.

நவம்பர் 30

பனி! காடு முழுக்கப் பனி. சூரியன் இனி ஜனவரியில்தான் எட்டிப் பார்க்கும். விளக்குக் கம்பங்களின் கீழே கால் விறைக்கும்வரை ஓடினேன்.

டிசெம்பர் 14, ஞாயிறு

பருவத்தின் முதல் போட்டி. சுன்னிவா முதலாவது, நான் மூன்றாவது.

முடிந்ததும் சுன்னிவா ஓடிவந்து கட்டிப்பிடித்தாள். பத்து வயதிலிருந்து ஒன்றாக ஓடியவர்கள் நாங்கள். அவள் வீட்டில் நான் மீன் உருண்டையும், என் வீட்டில் அவள் புட்டும் தின்று வளர்ந்தோம். இப்போது அவளுக்கு யோஸ்தைன் என்று ஒரு வருங்காலக் கணவன். தெற்குக் கரையோரத்தில் மழை மட்டும் பெய்கிற ஊர்க்காரன், வங்கியில் வேலை. அவளுடைய ஸ்கீக் கோல்களை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றான். நோர்வேக்காரர் எல்லோரும் காலில் ஸ்கீயோடு பிறக்கிறார்கள் என்று நினைப்பவர்கள் அவனைப் பார்க்க வேண்டும்.

“ஏன் தனியே பயிற்சி செய்கிறாய்? எங்களோடு வா,” என்றாள் சுன்னிவா.

அவளுக்கு ஒன்றும் தெரியாது போலத்தான் இருக்கிறது. அவள் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அப்பனைக் குத்த வேண்டுமென்றால் மகளைத்தானே முந்த வேண்டும்? வேறு வழி சொல்லட்டும், கேட்கிறேன்.

டிசெம்பர் 27

தமிழ்ச் சங்கத்தின் ஒன்றுகூடல். கொத்துரொட்டியைச் சாப்பிட்டுக்கொண்டே எல்லோருக்கும் மறுபடி கதையைச் சொன்னேன். சொல்லச் சொல்ல மெருகு ஏறுகிறது. இப்போது ஸ்டைனார் மெழுகிடும்போது ஒரு மாதிரிச் சிரித்தார் என்றுகூட வருகிறது. சிரித்திருப்பார்.

சங்கத் தலைவர் மணியம் அண்ணை மேசையில் குத்தினார். “உவங்களுக்கு எங்களைக் கண்டால் இளக்காரம்! அந்தாள் என்ர கடைக்கு வந்தால் நான் முகம் குடுக்கிறேல்லை.” ஊரில் பாதித் தமிழர் ஸ்டைனாருக்கு வணக்கம் சொல்வதை நிறுத்திவிட்டார்களாம். கேட்கக் குளிர்ச்சியாக இருந்தது.

தலையிடிக்கிறது என்று அம்மா இடையில் வீட்டுக்குப் போய்விட்டார். வந்து பார்த்தால் சாமி அறையில் இருந்தார். தலையிடிக்குச் சாமியறையில் என்ன மருந்து?

ஜனவரி 18

காய்ச்சல். மூன்றாம் நாள். ஸ்கீ தொடக்கூடாது என்று டொக்டர்.

அம்மா மல்லித்தண்ணி அவித்து, இஞ்சியும் தட்டிப்போட்டு, மணிக்கொரு தரம் கொண்டுவந்து நிற்கிறார். போட்டி அன்றும் இதைத்தான் வழியில் தரச் சொல்லியிருக்கிறேன். மற்றவர்கள் குடிக்கும் நீலநிறப் பானங்களைவிட இது வயிற்றுக்குச் சுகம். “எனக்கு அங்க வரப் பயமா இருக்கு,” என்றார். என்ன பயம்? போத்தலை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதானே.

பெப்ரவரி 8, ஞாயிறு

இதை எழுத விருப்பமில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

காலையில் நிலவறையில் ஸ்கீக்கு மெழுகிட்டேன். முடித்து வெளியே கொண்டுபோய்ச் சுவரில் சாத்தினேன். படியில் துணிக்கூடையோடு நின்ற அம்மா கேட்டார்: “ஏன் பிள்ளை ஒவ்வொரு நாளும் உந்த ஸ்கீயை வெளியிலை கொண்டுபோய் விறைக்க விடுறாய்?”

சொன்னேன். ஸ்கீ பனியின் அளவுக்குக் குளிர வேண்டும். சூடான ஸ்கீயைப் பனியில் வைத்தால் பனி உருகும், உருகிய தண்ணீர் அடியில் ஒட்டி உறையும், அதில் இன்னும் பனி ஒட்டும், கடைசியில் கட்டி. அதற்குப் பிறகு மெழுகை எவன் போட்டிருந்தாலும் ஒன்றுதான். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம்.

அம்மா கூடையைக் கீழே வைத்துவிட்டுப் படியில் இருந்தார்.

“ஹீற்றர் போட்டுத்தான் வைச்சனான்,” என்றார்.

“எதை?”

“உன்ர ஸ்கீயை. போன வருஷம். நீ வேறை ஸ்கீயிலை ஓடிப் பாக்கப் போயிட்டாய். உது தனிய நனைஞ்சுகொண்டு நிண்டுது. பாக்கப் பாவமா இருந்துது. காருக்குள்ளை கொண்டுபோய் ஹீற்றரைக் கூட்டிவிட்டு, போர்வையாலை மூடி வைச்சிட்டு, நீ வர முன்னம் கொண்டுவந்து பழைய இடத்திலை வைச்சனான்.”

அன்று நான் வந்ததும் வராததுமாக அதைப் பூட்டிக்கொண்டு தொடக்கக் கோட்டுக்கு ஓடினேன். அழைப்பு மணி அடித்துவிட்டது. தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

“ஏனம்மா இவ்வளவு நாளும் சொல்லேல்லை?”

“எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது பிள்ளை. கேக்கப் பயமா இருந்தது. நீ ஊரெல்லாம் அந்தாளைச் சொல்லச் சொல்ல, இன்னும் பயமாப் போச்சு.” பிறகு மூக்கைச் சீறிக்கொண்டு சொன்னார்: “ஆனா அவரும் பாத்தவர். கோப்பிக் கோப்பையோடை பக்கத்திலைதான் நிண்டவர். காருக்குக் கொண்டுபோகட்டோ எண்டு கையாலை காட்டிக் கேட்டனான். தலையாட்டினவர். அவரே ஆட்டினாப் பிறகு எனக்கென்ன தெரியும்?”

“விளங்கித்தான் ஆட்டினவரோ?”

“ஆருக்குத் தெரியும்? சும்மா வணக்கத்துக்கு ஆட்டினாரோ என்னவோ.”

பெப்ரவரி 9

அம்மாவோடு கதைக்கவில்லை.

பெப்ரவரி 15

அம்மாவோடு கதைத்தேன். உப்பு எங்கே என்று கேட்டேன்.

ஒரு கிழமையாக யோசித்ததில் எனக்கு ஒரு தெளிவு வந்திருக்கிறது. வணக்கத்துக்கு ஆட்டினாராம்! மெழுகு பூசிய ஸ்கீயை ஒரு மனுஷி தூக்கிக்கொண்டு காரடிக்குப் போகிறாள், அதற்கு மெழுகிட்டவர் பார்த்துக்கொண்டு நிற்கிறார். ஒரு சொல் போதும், “வேண்டாம்.” அந்த ஒரு சொல்லை அவர் விழுங்கினார், ஏனென்றால் மகளும் ஓடுகிறாள். ஆகவே நான் வெறுத்தது சரி. முதலில் சந்தேகத்தில் வெறுத்தேன், இனி விஷயம் தெரிந்து வெறுக்கலாம்.

மெழுகைக் கெடுத்தார் என்று ஊர் முழுக்கச் சொன்னது உண்மையில்லைதான். அதைத் திருத்துவதென்றால் அம்மாவின் பெயரைச் சொல்ல வேண்டி வரும். அம்மாவைச் சந்தியில் இழுக்க நான் தயாரில்லை. ஆகவே திருத்தப்போவதில்லை. நான் நல்ல மகள்.

மார்ச் 1

முப்பது கிலோமீட்டர் சோதனை ஓட்டம். கடைசிப் பத்தில் கால் எரிந்தது. ஒவ்வொரு ஏற்றத்திலும் அந்தக் கோப்பிக் கோப்பையையும் அந்தத் தலையையும் நினைத்துக்கொண்டேன். எரிச்சலை எரிச்சலால் தள்ளலாம். என் வாழ்க்கையிலேயே மிக வேகமான ஓட்டம் இது.

மார்ச் 28, சனி

இரவுச் சாப்பாடு சாப்பிடவில்லை. நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன்.

காலையில் பூச்சியப் பாகை, ஈரப்பனி. போன வருஷத்தைக் கொண்டுவந்து அப்படியே வைத்தது போல. என் ஸ்கீக்கு நானே மெழுகிட்டு, வெளியே குளிர வைத்தேன். அம்மாவை மைதானத்தின் மறுபக்கம் அனுப்பிவிட்டு, நெஞ்சில் கட்டும் இலக்கப் பட்டி எடுக்க ஏற்பாட்டாளர்களின் கூடாரத்துக்குப் போனேன். உள்ளே எரிவாயு அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில், கைகாட்டினால் சுடுகிற தூரத்தில், சுன்னிவாவின் பெயர் ஒட்டிய ஸ்கீ சோடி சாத்தியிருந்தது.

யோஸ்தைன் மட்டும்தான் நின்றான். ஸ்டைனார் பனியைப் பார்க்கப் பாதைக்குப் போயிருந்தார். என்னைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்தது.

“நல்லவேளை வந்தாய். வெளியே ஒரே ஈரம், ஸ்கீ நனைகிறது. இங்கே வைத்தால் பரவாயில்லைத்தானே?”

நான் தலையாட்டினேன்.

ஒரு வார்த்தை சொல்லவில்லை. பொய் சொன்னேன் என்று எவரும் சொல்ல முடியாது. அவன் கேட்டான், என் தலை ஆடியது. வணக்கத்துக்கும் தலை ஆடும். அந்த வீட்டில் அது வழக்கம்தானே.

பட்டியைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தபோது மனம் பஞ்சுபோல் இருந்தது. ஒரு வருஷத்துப் பாரம் இறங்கிவிட்டது என்று நினைத்தேன்.

தொடக்க வெடி வைத்தார்கள். மூன்று சுற்று ஓட வேண்டும். முதல் சுற்றில் நான் முன்னுக்குப் போனேன், திரும்பியே பார்க்கவில்லை. சுன்னிவா முதல் ஏற்றத்தில் நின்று சுரண்டிக்கொண்டிருப்பாள் என்று எனக்குத் தெரியும். அவளைவிட்டால் எனக்குப் போட்டியாக எவருமில்லை. இரண்டாம் சுற்றில் வேகத்தைக் குறைத்தேன். கடைசிப் பத்துக்கு உடம்பை மிச்சம் பிடிக்கத்தான். மரங்களைக்கூடப் பார்த்தேன், அழகாக இருந்தன. கலியாண வீட்டுக்குப் போகிறவள் மாதிரி ஆறுதலாகப் போனேன்.

அம்மா போத்தலோடு நின்ற இடத்தில் மல்லித்தண்ணியை வாங்கினேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் பார்த்தார். நானும் திரும்பினேன். சுன்னிவா என் ஸ்கீயின் வாலை மிதிக்காத குறையாக வந்துகொண்டிருந்தாள். அவளுடைய ஸ்கீ ஏற்றத்தில் பிடித்தது, இறக்கத்தில் பறந்தது.

அதன் பிறகு செத்துப் பிழைத்து ஓடினேன். கடைசி ஏற்றத்தில் தோளோடு தோள். விட்டுக்கொடுத்த அந்தச் சுற்றை எங்கே போய்த் தேடுவது? ஒரு சப்பாத்து நீளத்தில் தோற்றேன்.

பனியில் விழுந்து கிடந்தபோது சுன்னிவா வந்து என் மேல் விழுந்து கட்டிப்பிடித்து அழுதாள். “போன வருஷம் உன் ஸ்கீ கட்டிப்போயிற்று. அதை நான் வெற்றியாகவே எடுக்கவில்லை,” என்றாள். “இன்றைக்குத்தான் உன்னை உண்மையாக வென்றேன்.”

அவளை உதறிவிட்டு எழும்பினேன். ஸ்டைனாரின் முகத்தைத் தேடினேன். மகளிடம் வராமல், சனத்தை விலக்கிக்கொண்டு அவர் நேரே அம்மாவிடம் போய்க்கொண்டிருந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஏதோ சொன்னார். அம்மா போத்தல் மூடியில் மல்லித்தண்ணி ஊற்றி நீட்டினார். அவர் அதை நின்ற நிலையில், மருந்து குடிக்கிறவர் போல் குடித்தார்.

ஸ்கீ எப்படிக் கட்டாமல் போனது என்று விளங்கவில்லை. அந்த மண்டுப் பெடியன் கடைசி நேரத்தில் யாரையாவது கேட்டிருப்பான்.

மார்ச் 29, ஞாயிறு

மத்தியானம் வரை படுக்கையில் கிடந்தேன். அம்மா வந்து திரையை இழுத்துவிட்டு, கட்டிலில் இருந்தார். முகத்தில் ஒரு மாதிரியான மகிழ்ச்சி. மகள் தோற்ற வீட்டில் இருக்கக்கூடாத மகிழ்ச்சி.

“அந்தாள் உங்களிட்டை என்ன சொன்னவர்?” என்று கேட்டேன்.

“நன்றி எண்டவர்.”

“எதுக்கு?”

“மல்லித்தண்ணியைச் சுடவைக்க அந்தக் கூடாரத்துக்கை போனனான். பாத்தால், ஒருத்தரும் இல்லை, அந்தப் பிள்ளையின்ர ஸ்கீ அடுப்புக்குப் பக்கத்திலை.  நீ படியிலை வைச்சுச் சொன்னது ஞாபகம் வந்துது. தூக்கிக்கொண்டுபோய் வெளியிலை பனிக்குள்ளை குத்தி வைச்சன். அந்த நேரம் பாத்து அந்த மனிசன் வந்திட்டுது. தன்ர மகளின்ர ஸ்கீ என்ர கையிலை! நான் ஏதோ செய்யிறன் எண்டு கத்தினார்.”

“நீங்கள் என்ன சொன்னீங்கள்?”

“‘வார்ம்’ எண்டன். கூடாரத்தைக் காட்டினன். ‘இக்கே ப்ரா’ எண்டன்.”

சூடு, நல்லதில்லை. மீன் ஆலையில் பொழுதெல்லாம் கேட்டுப் பழகிய நோர்வேஜியன் அது.

“பிறகு அவரின்ர கண்ணைப் பாத்து, மெல்ல ஒருக்காத் தலையாட்டினன். போன வருஷம் அவர் ஆட்டின மாதிரியே.” அம்மா எனக்கும் ஆட்டிக் காட்டினார். “மூஞ்சி அப்பிடியே சிவந்து போச்சு பிள்ளை, அவிச்ச இறால் மாதிரி. பக்கத்திலை கிடந்த பெட்டியிலை இருந்திட்டார். அப்பத்தான் எனக்கும் தெரிஞ்சுது. விளங்கித்தான் ஆட்டினவர்.”

நான் எழும்பிக் கத்தினேன். “நான் தோத்திட்டன் அம்மா! எனக்கு இனி அணியும் இல்லை, ஒண்டும் இல்லை. நீங்கள்தான் ரெண்டு முறையும் என்னைத் தோக்கடிச்சனீங்கள்!”

 அம்மாவுக்குக் கண் கலங்கியது, ஆனால் குரல் கலங்கவில்லை.

“முதல்முறை தெரியாமல் செய்தனான். அதுக்கு நான் சாகுமட்டும் அழுவன். இந்தமுறை தெரிஞ்சு செய்தனான். அந்தாள் இனி என்னைக் கண்டால் நிலத்தைப் பாத்துத்தான் நடக்க வேணும். அதுக்குத்தான் செய்தனான். நீ ரெண்டாவதா வந்தனி. ஆரின்ர ஸ்கீயாலையும் இல்லை, உன்ர காலாலை வந்தனி.”

 ஒரு வருஷமாக நான் பல் விளக்கிப் பல் விளக்கி வளர்த்த பழியை, அம்மா இரண்டு நோர்வேஜியச் சொல்லால் தீர்த்துவிட்டு மல்லித்தண்ணியும் ஊற்றிக் கொடுத்திருக்கிறார்.

அம்மா எழுந்து கதவடிக்குப் போனவர் திரும்பி நின்றார்.

“நீயும் அந்தக் கூடாரத்துக்கை போனனியெல்லோ, பட்டி எடுக்க?” என்றார். “உன்ர கண்ணிலை அது படேல்லையோ?”

“இல்லை,” என்றேன்.

அம்மா என்னைப் பார்த்து, மெல்ல ஒருமுறை தலையாட்டிவிட்டுக் கதவைச் சாத்தினார்.